தோற்பதற்கு இடமுள்ள பேச்சு

1934 ஜனவரி 15 அன்று பிகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. முங்கேர், முசாபர்பூர் போன்ற நகரங்கள் இடிந்து விழுந்தன; ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசியபோது, இந்த நிலநடுக்கம் நம் பாவங்களுக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றும், பிகாரின் துயரத்துக்கும் தீண்டாமைக்கும் தொடர்பு உண்டு என்றும் சொன்னார். பத்திரிகைகளில் வந்த இந்தப் பேச்சு சாந்திநிகேதனில் இருந்த தாகூரை அதிர வைத்தது.

தாகூர் உடனே ஒரு மறுப்பு எழுதினார். ஆனால் அதைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. காந்திக்கே அனுப்பினார். உங்கள் பேச்சு என்று இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது, என்னால் நம்ப முடியவில்லை. உண்மையாகவே இதுதான் உங்கள் கருத்து என்றால் அதை மறுக்காமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். செய்தி சரியானால் இத்துடன் உள்ள மறுப்பை நீங்களே பத்திரிகைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கடிதத்தில் கேட்டுக்கொண்டார். நடக்காத ஒன்றை வைத்து உங்களை விமர்சிக்கும் கடைசி ஆளாகவே நான் இருப்பேன் என்றும் எழுதினார். செய்தி சரிதான் என்றார் காந்தி. தாகூரின் மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு, பிப்ரவரி 16 அன்று தம் பதிலையும் எழுதினார்.

மறுப்பு ஒன்றும் மென்மையானதல்ல. இயற்கைப் பேரழிவுகளுக்கு இயற்பியல் காரணங்கள் மட்டுமே உண்டு என்கிறார் தாகூர். குழந்தைகளையும், தீண்டாமைக்கு ஆளான மக்களையுமே சேர்த்து நசுக்கிவிட்டு, எங்கோ பத்திரமாக இருக்கும் பெரிய குற்றவாளிகளுக்குப் பாடம் புகட்டும் ஆட்சியாளன் ஒருவனை நாகரிகமுள்ளவன் என்று யார் சொல்வார்கள் என்று கேட்கிறார். அதைவிடக் கூர்மையான வாதம் இன்னொன்று. இந்த வகை நியாயம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும் என்கிறார்: காந்தியும் அவர் கூட்டத்தாரும் கிளம்பியதால்தான் தெய்வம் சினந்தது என்று அவர்கள் சொல்லியிருந்தால் தமக்கு வியப்பே இருந்திருக்காது என்று எழுதுகிறார்.

காந்தியின் பதில் இப்படிப் போகிறது: இயற்கை நிகழ்வுகளுக்கும் மனித நடத்தைக்கும் உள்ள தொடர்பு எனக்கு உயிருள்ள நம்பிக்கை. பிகார் அழிவுக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை உள்ளூர உணர்கிறேன், ஆனால் என்னால் நிரூபிக்க இயலாது. என் நம்பிக்கை தவறென்று தெரியவந்தாலும், அது எனக்கும் என்னோடு நம்புகிறவர்களுக்கும் நன்மையே செய்திருக்கும்.

இருவரும் இம்மியும் அசையவில்லை. அப்படியானால் இதை உண்மையான விவாதம் என்று எப்படிச் சொல்வது? பேச்சு மரியாதையாக இருந்தது என்பது போதுமான விடை ஆகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் அரசியல் பேசுகிறவர்களும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். யாருக்கும் எதுவும் நேர்வதில்லை. உடன்பாட்டில் முடிவதையும் அளவுகோலாக வைக்க முடியாது. அலுப்பிலும் பயத்திலும் கூட மனிதர்கள் உடன்படுவார்கள். இங்கே வேறு ஓர் அளவுகோலை முன்வைக்கிறேன்: பேசுகிறவர்கள் இருவரும் தோற்பதற்கு அந்தப் பேச்சில் இடம் இருக்கிறதா? எது நடந்தால் தோல்வி என்று இருவருக்கும் தெரியுமா? தோற்றவர் அதன் பிறகும் தலைநிமிர்ந்து வீடு திரும்ப முடியுமா?

இது நான் கண்டுபிடித்த அளவுகோல் அல்ல. இந்தியத் தருக்க மரபு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை விரிவாக யோசித்து வைத்திருக்கிறது. கௌதமர் பெயரில் வழங்கும் நியாய சூத்திரம் பேச்சை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காக இருவர் சான்றையும் தருக்கத்தையும் கொண்டு தத்தம் தரப்பை நிறுவிப் பார்ப்பது வாதம். வெல்வதே நோக்கமாக, சொற்புரட்டு முதலான தந்திரங்களையும் பயன்படுத்தி மோதுவது ஜல்பம். தனக்கென்று எந்தத் தரப்பையும் நிறுவாமல் எதிராளி சொல்வதை உடைப்பதையே வேலையாகக் கொள்வது விதண்டை. மூன்றாவதன் பெயர் மட்டும் நம் அன்றாடப் பேச்சில் நிலைத்துவிட்டது. தேவை அதிகம் இருந்திருக்க வேண்டும்.

இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தோல்வி எப்போது நேர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்ற பட்டியல். நிக்கிரகஸ்தானம் என்பார்கள், தமிழ்த் தருக்க வழக்கில் தோல்வித்தானம். மொத்தம் 22. தொடக்கத்தில் சொன்ன கூற்றை நடுவழியில் மாற்றிக்கொண்டால் தோல்வி. காரணம் எடுபடவில்லை என்று தெரிந்ததும் சந்தடியில்லாமல் வேறு காரணத்துக்குத் தாவினால் தோல்வி. தொடர்பில்லாத செய்தியை இழுத்து வந்தால் தோல்வி. தேவையின்றிச் சொன்னதையே சொன்னால் தோல்வி. ‘எனக்கு வேறு வேலை இருக்கிறது’ என்று எழுந்து போனாலும் தோல்விதான். மும்முறை சொல்லியும் அவைக்கும் எதிராளிக்கும் புரியாதபடி ஒருவர் பேசினால், தோற்றவர் அவரே. கேட்டவர்களுக்கு அறிவு போதாது என்று அவர் தப்பிக்க முடியாது.

இரண்டு தோல்விகளைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஒன்று, தன்மேல் சுமத்தப்பட்ட குறைக்குப் பதில் சொல்லாமல் ‘அந்தக் குறை உன்னிடமும் இருக்கிறதே’ என்று திருப்புவது. இப்படிச் சொல்கிறவர் தன்னிடம் குறை இருப்பதை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஆட்சியில் நடக்கவில்லையா என்று கேட்டே மாலைப் பொழுதைக் கழிக்கும் தொலைக்காட்சி விவாதங்களை இந்த ஒரு விதியே முதல் ஐந்து நிமிடத்தில் முடித்து வைத்துவிடும்.

மற்றொன்று இன்னும் கடுமையானது. எதிராளி தன் கூற்றை மும்முறை சொல்லி, அவையும் அதைப் புரிந்துகொண்ட பிறகு, அதைத் திருப்பிச் சொல்ல உனக்குத் தெரியவில்லை என்றால் நீ தோற்றாய். மறுப்பது அப்புறம், அவர் என்ன சொன்னார் என்பதை அவரும் அவையும் ஏற்கும்படி எடுத்துச் சொல்வதே நுழைவுச்சீட்டு. பவணந்தியின் நன்னூல், நூலாசிரியர்கள் கொள்ளத்தக்க எழுவகை மதங்களை, அதாவது கொள்கை நிலைகளை, சொல்லும்போது ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவே’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. பிறருடைய கொள்கையை முதலில் தானே ஏற்று நின்று, பிறகு அதைக் களைவது. மறுத்தல் என்பதை அந்தப் பட்டியல் தனியாகச் சொல்லியிருக்கிறது. ஆக, இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று இலக்கண ஆசிரியர் நினைத்திருக்கிறார்.

இந்தப் பழக்கம் விட்டுச்சென்ற பயன் சின்னதல்ல. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி கிடைத்திருக்கிறது. மறுக்க வேண்டியதை எடுத்துச் சொல்லியே மறுத்ததால், குண்டலகேசியைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் ஒரு பகுதி நீலகேசி வழியாகவும் அதன் உரை வழியாகவும் வந்தது. கடவுளையும் மறுபிறப்பையும் மறுத்த உலகாயதர்களின் கொள்கையும் பெரும்பாலும் அவர்களுடைய எதிரிகள் எழுதியவற்றில்தான் பிழைத்திருக்கிறது. எதிரிகள் எடுத்துச் சொன்னதில் நேர்மை எவ்வளவு என்று சந்தேகப்படலாம்தான். ஆனால் எதிராளியின் பெயரைச் சொல்லி ஏசிவிட்டுப் போவதையே மறுப்பு என்று அவர்கள் நினைத்திருந்தால் இந்த அளவும் மிஞ்சியிருக்காது.

தாகூரின் கடிதத்தை இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கலாம். நீங்கள் சொன்னதாக நான் படித்தது இது, சரியா என்று அவர் கேட்டது வெறும் பண்பு அல்ல. எதிர்த்தரப்பை எதிராளியின் வாயாலேயே உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அவருடைய வாதம் தொடங்குகிறது. மறுப்பைத் தம் இதழிலேயே அச்சிட்டதன் மூலம் காந்தி தம் வாசகர்கள் முன்னால் தோற்கும் வாய்ப்பைத் தாமே ஏற்படுத்திக்கொண்டார். நடத்தையில் இருவரையும் குறை சொல்ல எதுவும் இல்லை.

வாதத்தில் உண்டு. ‘நிரூபிக்க இயலாது’ என்று ஒப்புக்கொண்டது காந்தியின் நேர்மை. ஆனால் நம்பிக்கை தவறென்று ஆனாலும் நன்மையே என்று சொன்ன இடத்தில் அவர் களத்தை விட்டு வெளியேறிவிட்டார். அதற்குப் பிறகு தாகூர் என்ன சான்று கொண்டு வந்தாலும் அந்த நம்பிக்கையைத் தொட முடியாது. காந்தியின் எதிரிகளான சனாதனிகளும் இதே வாதத்தைச் சொல்லலாமே என்ற கேள்விக்குத்தான் விடை தேவைப்பட்டது. இருவர் உள்ளுணர்வும் எதிரெதிராகப் பேசும்போது எதை நம்புவது என்பதற்குக் காந்தியின் பதிலில் நான் வழி காணவில்லை. ஆகவே இந்த விவாதத்தில் தாகூர் பக்கமே வலுவானது என்பது என் தீர்ப்பு. இப்படி ஒரு தீர்ப்பைத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு வாசகர் சொல்ல முடிகிறது என்பதே அது விவாதமாக இருந்ததற்கு அடையாளம். எந்த இடத்தில் பாதை பிரிந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது: தீண்டாமை பாவம் என்பதில் இல்லை, இயற்கைக்கு அறம் தெரியுமா என்பதில்.

விதிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தோற்றால் என்ன ஆகும் என்ற கேள்வி பின்னால் நின்றுகொண்டே இருக்கும். இதை நேரடியாகப் பேசும் பழைய நூல் மிலிந்த பஞ்ஹா. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர்தான் பாலி மொழியில் மிலிந்தன். என்னோடு விவாதிக்கிறீர்களா என்று அவன் நாகசேனர் என்ற துறவியைக் கேட்கிறான். அறிஞனாக விவாதித்தால் சரி, அரசனாக விவாதித்தால் இல்லை என்கிறார் நாகசேனர். வேறுபாடு என்ன என்று கேட்கிறான் அரசன். அறிஞர்கள் விவாதிக்கும்போது சிக்கலைச் சுற்றுவார்கள், அவிழ்ப்பார்கள், ஒருவர் தவறை மற்றவர் காட்டுவார், அவரும் ஒப்புக்கொள்வார்; அதற்காக யாரும் சினம் கொள்வதில்லை. அரசர்களோ ஒரு கருத்தைச் சொல்வார்கள். யாராவது மறுத்தால் ‘இவனுக்குத் தண்டனை கொடு’ என்பார்கள். மிலிந்தன் புரிந்துகொண்டு, அறிஞனாகவே பேசுகிறேன், ஒரு துறவியுடனோ மடத்து ஏவலாளுடனோ பேசுவதைப் போல என்னிடம் தயங்காமல் பேசுங்கள் என்கிறான்.

அரசன் வாக்குக் கொடுத்தால் போதுமா என்பது நியாயமான சந்தேகம். அலுவலகக் கூட்டத்தில் ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று மேலதிகாரி சொல்லும்போது நாற்காலிகள் லேசாக நெளிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனாலும் பேச்சு தொடங்கும் முன்பே அதிகாரத்தைப் பற்றிய பேச்சை முடித்துவிட வேண்டும் என்று நாகசேனருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான காட்சி நம் மரபிலேயே இருக்கிறது. மதுரையில் சம்பந்தருக்கும் சமணர்களுக்கும் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் வாதம். ஏட்டை நெருப்பில் இடுகிறார்கள். வைகை வெள்ளத்தில் விடுகிறார்கள். தோற்றவர்களுக்குக் கழுமரம். அது வரலாறாக நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கடும் கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் இங்கே போக வேண்டியதில்லை. அந்தக் கதை வாதத்தைக் கற்பனை செய்யும் விதத்தை மட்டும் கவனித்தால் போதும். வெல்வது யார் என்பதை ஏடு எரிகிறதா, எதிர்நீச்சல் போடுகிறதா என்பது தீர்மானிக்கிறது. எவரும் எவருடைய காரணத்தையும் எடைபோட வேண்டியதில்லை. உயிர் பணயமாக வைக்கப்பட்டுவிட்டால் காரணங்களுக்கு அங்கே என்ன வேலை?

உயிர் அளவுக்குப் போகாவிட்டாலும், தோல்விக்கு விலை வைக்கும் இன்னொரு சக்தி உண்டு: பார்வையாளர்கள். நியாய சூத்திரம் வாதத்தை யாருடன் நடத்தலாம் என்று சொல்லும்போது மாணவர், ஆசிரியர், உடன் பயில்பவர், பொறாமையற்று நன்மையை நாடுகிறவர் என்று பட்டியலிடுகிறது. வெற்றி தோல்வியை நோக்கிய ஜல்பத்துக்குத்தான் அவையும் நடுவரும் கட்டாயம். பழைய மருத்துவ நூலான சரக சம்ஹிதையும் மருத்துவர்களின் கலந்துரையாடலை நட்பு முறை, பகை முறை என்று இரண்டாக்குகிறது. நட்பு முறையில் தோல்விக்கு அஞ்சாதே, வென்றால் பீற்றிக்கொள்ளாதே என்கிறது. பகை முறைக்கு வந்ததும் எதிராளிக்கு எங்கே பலவீனமோ அங்கே அடி என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுக்கிறது. அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. கௌதமரும் ஜல்பத்தையும் விதண்டையையும் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. முளைத்து வரும் பயிரைக் காக்க முள்வேலி போடுவதைப் போல, உண்மையைக் காக்க அவ்விரண்டும் தேவைப்படும் என்கிறார்.

1787இல் அமெரிக்க அரசமைப்பை எழுத பிலடெல்பியாவில் கூடியவர்கள் இந்தச் சிக்கலை நடைமுறையில் சந்தித்தார்கள். உறுப்பினர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பதைப் பெயர்வாரியாகப் பதிவுசெய்யலாமா என்ற கேள்வி வந்தது. கூடாது என்று வாதிட்டவர்களுள் ஒருவர் ஜார்ஜ் மேசன். தங்கள் கருத்து பதிவாகிவிட்டால், பிறகு மறுதரப்பை ஏற்கும்படி மனம் மாறினாலும் வாக்கை மாற்றிக்கொள்ள அந்தப் பதிவே தடையாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த விதி கைவிடப்பட்டது. அவையில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்றும் முடிவாயிற்று. பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெபர்சனுக்கு இந்த ரகசியம் அருவருப்பாக இருந்தது. கூட்டத்தில் இருந்த மேடிசனோ பிற்காலத்திலும் அதை நியாயப்படுத்தினார். அவர் எடுத்து வைத்திருந்த விரிவான குறிப்புகள் அவர் இறந்த பிறகு, 1840இல்தான் அச்சாயின.

நம் தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றி எல்லாரும் சலித்துக்கொள்கிறோம். பங்கேற்பாளர்களின் குரல் உயர்வதையும் நெறியாளரின் குறுக்கீட்டையும் குறை சொல்கிறோம். அவை மேலோட்டமான குறைகள். கட்சியின் செய்தித் தொடர்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எதிரில் இருப்பவர் சொன்னது சரி என்று அவருக்குத் திடீரெனப் புரிந்தாலும், ‘ஆமாம்’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. மறுநாள் பதவி இருக்காது. மனம் மாற அனுமதி இல்லாதவர்களை உட்கார வைத்துக்கொண்டு விவாதம் நடக்கவில்லையே என்று வருந்துவதில் பொருள் இல்லை. பட்டிமன்றம் இதைவிட நேர்மையானது. இன்று இந்தத் தரப்பு, நாளை எதிர்த்தரப்பு என்பது பேச்சாளருக்கும் தெரியும், கைதட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

அவையின் நடுவே, குறிப்பெடுக்கிறவர்கள் முன்னிலையில், கட்சிக் கட்டுப்பாடும் இருக்கும்போது எதுவுமே நடக்காது என்று முடிவுகட்டவும் வேண்டியதில்லை. இந்திய அரசமைப்பு நிர்ணய சபையின் விவாதங்கள் வெளிப்படையாக நடந்தன. காங்கிரசின் பெரும்பான்மை அசைக்க முடியாதது. 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய உரையில் அம்பேத்கர் திருத்தங்களின் கணக்கைச் சொல்கிறார்: முன்மொழிய அறிவிப்பு வந்தவை 7,635, அவையில் உண்மையில் முன்வைக்கப்பட்டவை 2,473. கட்சிக் கட்டுப்பாடு இருந்ததால் வேலை ஒழுங்காக முடிந்தது என்று காங்கிரசுக்கு நன்றி சொல்கிறார். அடுத்து அவர் செய்வது அரிதான காரியம். எல்லாரும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்கியிருந்தால் இந்த அவை சலிப்பூட்டியிருக்கும், நல்லவேளையாகக் கலகக்காரர்கள் இருந்தார்கள் என்று சொல்லி, காமத், கே.டி. ஷா, தாக்கூர் தாஸ் பார்கவா, குன்ஸ்ரூ என்று பெயர்களை அடுக்குகிறார். அவர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. அவர்கள் இல்லாவிட்டால் இந்த அரசமைப்பின் அடிப்படைக் கொள்கைகளை விளக்கும் வாய்ப்பே எனக்குக் கிடைத்திருக்காது என்கிறார். தோற்றுப்போன திருத்தங்கள் எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. ஒரு பிரிவின் நோக்கம் என்ன என்று நீதிமன்றங்கள் அந்த விவாதங்களை இன்றும் புரட்டுகின்றன.

இவ்வளவு நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகும் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சுகிறது. பிலடெல்பியாவில் மூடிய கதவுக்குப் பின்னால் மனிதர்கள் உண்மையாகவே விவாதித்தார்கள், விட்டுக்கொடுத்தார்கள். அந்த விட்டுக்கொடுத்தலில் விளைந்ததுதான் பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிடும் விதியும், அடிமை இறக்குமதியை 1808 வரை நாடாளுமன்றம் தடைசெய்யக்கூடாது என்ற விதியும். கணக்கிடப்பட்டவர்களில் ஒருவருக்கும் அந்த அறையில் நாற்காலி இல்லை. உள்ளே இருந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் தோற்கத் தயாராக இருந்தார்கள். வெளியே இருந்தவர்களிடம் தோற்கும் வாய்ப்பை அவர்கள் ஏற்படுத்திக்கொள்ளவே இல்லை.

மணிமேகலையின் தொடக்கத்தில் புகார் நகரில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், ‘ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’ என்று அறிவிக்கிறான். பகைவராக இருந்தாலும் அவர்களோடு சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறான். இதைவிட அழகான அவை ஒழுங்கை எந்த நாட்டிலும் காட்டுவது கடினம். அதே காப்பியத்தில், பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறிய வேண்டிய நிலை மணிமேகலைக்கு வருகிறது. வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தை அவளுக்கு முன்பே கற்றுக்கொடுத்த தெய்வம், அது எதற்கு என்பதையும் சொல்லியிருக்கிறது: ‘இளையள் வளையோள் என்று உனக்கு யாவரும் விளைபொருள் உரையார்’. இளையவள், வளையல் அணிந்தவள் என்பதால் யாரும் அவளிடம் பொருளை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். ஆகவே அவள் ஆண் துறவியின் உருவெடுத்துக்கொண்டுதான் வஞ்சி மாநகரில் அளவைவாதி முதலாக ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அவர்களும் விரிவாகச் சொல்கிறார்கள்.